டோவாய் ஸ்டேஷனுக்குப் போகிறீர்களா? டவுன் ரயிலில் போங்கள்

நாங்கள் ஜப்பானில் தாகாசாகியில் இருப்பதால், ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு நாள் டோவாய்க்கு அழைத்துப் போவது வழக்கமாகிவிட்டது. குன்மா மாகாணத்தில் தானிகாவா மலையடிவாரத்தில், ஜோயெட்சு லைனில் இருக்கிற சின்ன ஸ்டேஷன் அது. 1985 முதல் ஊழியர்கள் கிடையாது.

பார்க்க வேண்டியது அதன் பிளாட்பாரங்களைத்தான். 1931-ல் திறந்த பழைய பாதை இப்போது அப் லைன், அதாவது டோக்கியோ பக்கம் போகும் ரயில்களுக்கு. அது தரைமேலேயே ஓடுகிறது. 1967-ல் இரட்டைப் பாதைக்காக 13 கிலோமீட்டருக்கும் நீளமான புதுச் சுரங்கம் குடைந்தார்கள். எதிர்த்திசையில் போகும் டவுன் ரயில்களின் பிளாட்பாரம் அதற்குள்ளே, சுமார் 70 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. லிப்ட் இல்லை, வெளியே வரப் படிகள்தான். எஸ்கலேட்டருக்கென்று படியை ஒட்டி விட்ட இடம் இன்றைக்கும் காலியாகத்தான் கிடக்கிறது.

அந்தப் படிகளைக் கீழிருந்து பார்த்து ஏறுவதுதான் அனுபவம். அதனால் போகும்போது மினாகாமி ஸ்டேஷனில் மாறி, நாகாஓகா பக்கம் போகிற டவுன் ரயிலைப் பிடியுங்கள். பத்து நிமிடத்தில் டோவாய். திரும்புகையில் அப் ரயில் மேலேயே வரும், படியே இல்லை. டிக்கெட்டைக் கிளம்பும் இடத்திலேயே டோவாய் வரைக்கும் காகிதத்தில் எடுத்துவிடுவது நல்லது.

இறங்கியதும் ஓடாதீர்கள். ரயில் போய் சத்தம் அடங்கட்டும், உடன் வந்தவர்கள் முன்னே போகட்டும். அப்புறம் படியின் கீழே நின்று நிமிர்ந்து பாருங்கள்: 338 மீட்டர் நீளத்துக்கு, ஒரு வளைவுகூட இல்லாமல், 462 படிகள். மேலே போனதும் ஆற்றைக் கடக்கும் ஒரு நடைபாதை, இன்னொரு 24 படி, பிறகுதான் வாசல். பத்து நிமிடம் ஆகும் என்று பலகை சொல்கிறது. என் மாமியார் பெஞ்ச் கண்ட இடமெல்லாம் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் ஏறினார், ஒன்றும் ஆகவில்லை. படி ஈரமாக இருக்கும், பிடிமானமுள்ள ஷூ போடுங்கள். ஆகஸ்டிலும் உள்ளே குளிரும். ஸ்வெட்டரைக் கீழேயே போட்டுக்கொண்டால் பாதி வழியில் கழற்ற வேண்டி வரும், கையில் வைத்திருந்தால் போதும்.

முட்டி வலி உள்ளவர்கள் மினாகாமியிலிருந்து தானிகாவா ரோப்வேக்குப் போகும் பஸ்ஸில் வந்து ஸ்டேஷன் வாசலில் இறங்கலாம். படியின் உச்சியில் நின்று கீழே பார்த்தாலே பாதி அனுபவம் கிடைத்துவிடும். 'இறங்குவது சுலபம்தானே' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், முட்டியை வதைப்பது இறக்கம்தான். ஆள் இருந்த காலத்தில் டவுன் ரயிலுக்கான டிக்கெட் பரிசோதனையை, ரயில் கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்பே முடித்துவிடுவார்களாம். இப்போது அந்தக் கணக்கை நீங்களேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

மேலே பழைய ஸ்டேஷன் அலுவலகத்தில் ஒரு காபிக்கடை இருக்கிறது. சில நாள் மூடியிருக்கும், நம்பிப் பசியோடு போகாதீர்கள். தானிகாவா ரோப்வேக்கு இருபது நிமிட நடை.

ரயில் நாளுக்கு ஐந்தாறுதான். டோவாயில் இறங்கும் முன்பே திரும்பும் அப் ரயிலின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விட்டுவிட்டால் வாசலில் மினாகாமி போகும் பஸ் வரும். அதன் கடைசி நேரத்தையும் சேர்த்தே பார்த்து வையுங்கள்.