யாரும் குழாயைத் திறக்காமலே பிரஷர் பம்ப் ஓடுகிறதா?

மொட்டைமாடித் தொட்டியின் நீர்மட்டம் ஷவருக்கு 2 மீட்டர்தான் மேலே என்றால், கிடைக்கிற அழுத்தம் சுமார் 0.2 பார் (அழுத்தத்தின் அலகு) மட்டுமே. மேல்மாடி வீடுகளில் பிரஷர் பம்ப் மாட்டுவது அதனால்தான். அது மக்கர் செய்தால் உடனே மோட்டாரைச் சந்தேகிக்காதீர்கள். பல நேரம் கோளாறு தண்ணீர்ப் பாதையில்தான் இருக்கும்.

பம்ப் ஓடியும் தண்ணீர் வரவில்லையா? முதலில் பம்புக்கு மின்சாரம் தரும் எம்.சி.பி. சுவிட்சை இறக்குங்கள். தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, கேட் வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதா, ஃபில்டர் வலையில் பாசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியென்றால் உள்ளே காற்று அடைத்திருக்கலாம். பம்பின் மேல்மூடியைத் திறந்து, தண்ணீர் வழியும்வரை நிரப்பி மூடுங்கள். தண்ணீரில்லாமல் ஓடினால், சுழலும் தண்டு வழியே நீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் சூடேறிக் கெட்டுவிடும்.

அதிகம் பேர் திணறுவது, பம்ப் நிமிடத்துக்கொரு முறை தானாக ஓடி நிற்பதில்தான். பெரும்பாலும் எங்கோ தண்ணீர் ஒழுகி அழுத்தம் குறைவதால்தான் அது ஓடும்.

1. பம்பிலிருந்து வீட்டுக்குப் போகும் வால்வை மூடுங்கள். அதன்பின் பம்ப் அமைதியானால், ஒழுக்கு வீட்டுக்குள். ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் கலர்ப்பொடி கரைத்துவிட்டுக் காத்திருங்கள். ஃப்ளஷ் செய்யாமலே கோப்பையில் நிறம் தெரிந்தால் திருடன் அகப்பட்டான்!

2. வால்வை மூடியும் ஓடினால், நான்-ரிட்டர்ன் வால்வையோ (தண்ணீர் பின்னோக்கித் திரும்பாமல் தடுப்பது) பிரஷர் டேங்கையோ (உள்ளே ரப்பரும் காற்றும் வைத்து அழுத்தத்தைத் தேக்கும் சிறு டேங்க்) பார்க்க வேண்டும். எம்.சி.பி.யை இறக்கி, வால்வையும் ஒரு குழாயையும் திறந்து அழுத்தத்தை முழுக்க வெளியேற்றிய பிறகே டேங்கின் காற்றை அளக்க வேண்டும். இதை விட்டால் அளவு தப்பாகக் காட்டும். பம்ப் 1.4 பாரில் தொடங்குமென்றால் காற்று சுமார் 1.2 பார் இருக்கட்டும். குறைந்தால் சைக்கிள் பம்பாலேயே அடிக்கலாம். காற்று வால்வில் தண்ணீர் பீச்சினால் உள்ளே ரப்பர் கிழிந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும்.

மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் உடனே நிறுத்துங்கள், காயில் எரிந்துவிடும். மோட்டார் சுற்றத் தொடங்க உதவும் கெப்பாசிட்டரைத் தொடவே வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கும். அது எலெக்ட்ரீஷியன் வேலை. பம்பைத் தொட்டால் 'சுர்' என்றாலும் அப்படியே. எர்த்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் மாட்டச் சொல்லுங்கள்.

கார்ப்பரேஷன் குழாயில் மட்டும் இந்தப் பம்பை நேரடியாக இணைக்காதீர்கள். தெருப் பைப்பின் விரிசல் வழியே சாக்கடை நீரையும் அது உறிஞ்சிக்கொண்டு வரும்.