கற்பனை மொழி, கற்பனை உலகம்: தொடக்கத்திலேயே தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொந்தமாக ஒரு மொழியை உருவாக்க வேண்டும் என்று ஆசைப்படும் பலர் முதலில் ஒரு நோட்டை எடுத்து, இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் புதுச் சொல் என்று பட்டியல் போடத் தொடங்குகிறார்கள். தண்ணீர், மரம், வானம், அம்மா என்று ஐம்பது சொல் வரைக்கும் உற்சாகமாகப் போகும். அப்புறம் ஒரு வாக்கியம் எழுத உட்காரும்போதுதான் சிக்கல் புரியும். கையில் இருப்பது புது மொழி இல்லை, தமிழுக்கு மாட்டிய முகமூடி.

‘நான் நேற்று அவனைப் பார்த்தேன்’ என்ற வாக்கியத்தையே பாருங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் புதுச் சொல் வைத்துவிடலாம். ஆனாலும் வினை கடைசியில் வருகிறது. செயப்படுபொருளுக்கு ஓர் உருபு ஒட்டுகிறது. பார்த்தவர் யார் என்பதை வினையின் விகுதியே சொல்லிவிடுகிறது. பார்க்கப்பட்டவர் ஆண் என்பதும் தெரிகிறது. இந்த நான்கும் தமிழ் எடுத்த முடிவுகள். உங்கள் மொழியும் இதையே முடிவு செய்ய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பின்னிஷ் மொழியில் அவன், அவள் இரண்டுக்கும் ஒரே சொல்தான். துருக்கி மொழியில் தானே கண்டதைச் சொல்லும் இறந்தகாலம் வேறு, பிறர் சொல்லிக் கேட்டதைச் சொல்லும் இறந்தகாலம் வேறு. மொழியியலாளர் மார்க் ஓக்ராண்ட், ‘ஸ்டார் ட்ரெக்’ படங்களில் வேற்றுலகவாசிகள் பேசும் கிளிங்கான் மொழியை வடிவமைத்தபோது செயப்படுபொருளை முதலிலும் எழுவாயைக் கடைசியிலும் வைத்தார். உலக மொழிகளில் மிக அரிதான வரிசை அது. கேட்பவருக்கு அந்நியமாகப் படவேண்டும் என்றே அப்படிச் செய்தார்.

சரி, அப்படியானால் உலகத்தில் இருக்கும் விசித்திரங்களை எல்லாம் ஒரே மொழியில் கொட்டிவிடலாமா? அதுவும் தவறுதான். இருபது வேற்றுமை, மூன்று வகைப் பன்மை, ஐந்து வகை இறந்தகாலம் என்று சேர்த்துக்கொண்டே போனால், ஒரு பத்தி எழுதுவதற்குள் உங்களுக்கே அலுத்துவிடும். இரண்டு மூன்று அம்சங்களைத் தேர்ந்தெடுத்து அவற்றில் ஆழமாகப் போங்கள்.

எதற்காக உருவாக்குகிறோம் என்பதையும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். 1887-ல் ஸாமென்ஹாஃப் வெளியிட்ட எஸ்பெராண்டோ எவரும் சுலபமாகக் கற்க வேண்டிய பொதுமொழி. அதனால் அதில் விதிவிலக்குகள் இல்லாததுதான் அழகு. 2001-ல் சோன்யா லாங் வெளியிட்ட டோக்கி போனா, சுமார் 120 சொற்களை வைத்துக்கொண்டு எவ்வளவு சொல்ல முடியும் என்று பார்க்கும் சோதனை. கதையில் வரும் ஒரு பழங்குடி பேசும் மொழிக்கு இந்த இரண்டின் அளவுகோலும் பொருந்தாது. அது மனிதர்கள் பல தலைமுறை பேசித் தேய்ந்த மொழியாகத் தோன்ற வேண்டும்.

ஒலிக்கு ஒரு ஒழுங்கு

புதியவர்கள் பெயர் வைக்கும்போது வாயில் நுழையாத மெய்களை அடுக்கினால் வேற்றுலகத் தன்மை வந்துவிடும் என்று நம்புகிறார்கள். வராது. எந்த ஒலி எந்த இடத்தில் வரலாம், எங்கே வரக்கூடாது என்ற கட்டுப்பாடுதான் ஒரு மொழிக்கு முகம் தருகிறது. ஹவாய் மொழியில் மெய்யொலிகள் எட்டே எட்டு, எந்தச் சொல்லும் மெய்யில் முடியாது. அதனாலேயே அந்தத் தீவுப் பெயர்களைக் கேட்டவுடன் அடையாளம் தெரிகிறது. நம் இலக்கணத்திலும் மொழிமுதல் எழுத்து, மொழியிறுதி எழுத்து என்று தொல்காப்பியமே வரையறுத்திருக்கிறது. ராமன் ‘இராமன்’ ஆனதும், லட்சுமி ‘இலக்குமி’ ஆனதும் அந்த வரையறையால்தான். உங்கள் மொழிக்கும் இப்படி அரைப் பக்கத்தில் விதி எழுதி வைத்துவிட்டு, அதன்பின் சொற்களைப் படையுங்கள். பக்கத்து நாட்டிலிருந்து வரும் சொல்லை உங்கள் மக்கள் எப்படித் திரித்து உச்சரிப்பார்கள் என்பதும் அப்போது தானாகவே தெரிந்துவிடும்.

நேற்று இல்லாத மொழி

எனக்கு மிகப் பெரிய தவறாகப் படுவது இதுதான்: மொழியை இன்று காலையில் பிறந்ததைப் போல உருவாக்குவது. எல்லாப் பன்மைக்கும் ஒரே விகுதி, எல்லா வினைக்கும் ஒரே வாய்பாடு. ஆனால் வாழும் மொழியில், அதிகம் புழங்கும் சொற்களே பெரும்பாலும் ஒழுங்கு மீறி நிற்கும். ‘வா’ என்கிறோம், ‘வந்தேன்’ என்கிறோம், ‘வருவேன்’ என்கிறோம். இதைப் பார்த்துவிட்டுச் சிலர் அங்கங்கே கைபோன போக்கில் விதிவிலக்குகளைத் தூவுகிறார்கள். அது ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கும்.

சரியான வழி, முதலில் ஒரு பழைய மொழியைப் படைத்து அதை மூப்படைய விடுவது. சிறிய உதாரணம் ஒன்றைச் செய்தே பார்ப்போம். பழைய மொழியில் ஒருமைக்கு ‘அ’, பன்மைக்கு ‘இ’ என்று வையுங்கள். பறவை ‘தொரக’, பறவைகள் ‘தொரகி’. படகு ‘மெலன’, படகுகள் ‘மெலனி’. எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. இப்போது இரண்டு மாற்றங்கள். முதலில், ‘இ’க்கு முன்னால் வரும் ‘க்’ ஒலி ‘ச்’ ஆகிறது. சில தலைமுறை கழித்து, சொல்லின் கடைசியில் உள்ள குறில் உதிர்ந்துவிடுகிறது. இன்றைய மொழியில் பறவை ‘தொரக்’, பறவைகள் ‘தொரச்’. படகும் ‘மெலன்’, படகுகளும் ‘மெலன்’. விகுதியே மறைந்துபோய், ஒரு சொல்லில் மெய் மாற்றமாக மட்டும் மிஞ்சுகிறது. இன்னொன்றில் அதுவும் இல்லை. அப்போது இந்த மக்கள் என்ன செய்வார்கள்? ‘பல’ என்ற சொல்லை முன்னால் சேர்க்கலாம், அல்லது தொரக்–தொரச் மாதிரியைப் பார்த்து மற்றச் சொற்களின் கடைசியிலும் ‘ச்’ ஒட்டத் தொடங்கலாம். எது நடந்தாலும் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

மாற்றங்களின் வரிசையைத் தவறவிடாதீர்கள். குறில் முதலில் உதிர்ந்திருந்தால் ‘ச்’ வந்திருக்கவே வழியில்லை, இரண்டும் ‘தொரக்’ என்றே நின்றிருக்கும். ஆங்கிலத்தில் ஃபுட், ஃபீட் என்று உயிர் மாறுவதும் இந்த வகைதான். பன்மை விகுதியில் இருந்த ஓர் இகரம் முந்தைய உயிரை மாற்றிவிட்டுத் தான் காணாமல் போனது.

இதே பழைய மொழிக்கு வேறு இரண்டு மாற்றங்களைக் கொடுத்தால் மலைக்கு அந்தப் பக்கம் பேசும் உறவு மொழி கிடைத்துவிடும். ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கியன், தன் கதைகளில் எல்ஃப் இனத்தார் பேசும் க்வென்யா, சிந்தாரின் என்ற இரு மொழிகளையும் ஒரே மூதாதை மொழியிலிருந்து இப்படித்தான் பிரித்தார். அவர் மொழி வரலாற்றைத் தொழிலாகவே படித்த ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர். ஆனாலும் அந்த முறை யார் கைக்கும் எட்டும். ஒரு நோட்டும் பொறுமையும் போதும்.

அகராதி வேண்டும், மொழிபெயர்ப்புப் பட்டியல் வேண்டாம்

ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று நிரப்பாதீர்கள். பொருளின் எல்லை மொழிக்கு மொழி வேறு. தமிழில் தோள் முதல் விரல் வரை ‘கை’தான், ஆங்கிலம் அதை மணிக்கட்டில் வெட்டி இரண்டு பெயர் வைக்கிறது. ரஷ்ய மொழியில் வெளிர்நீலமும் அடர்நீலமும் தனித்தனி நிறங்கள். இரண்டாயிரம் சொல் கொண்ட வெறும் பட்டியலைவிட, ஒவ்வொன்றுக்கும் எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு இருக்கும் இருநூறு சொல் மேல்.

உலகத்துக்கும் காரணம் வேண்டும்

வரைபடத்தில் அடிக்கடி பார்க்கும் தவறு ஆறுகள். ஒரு கடலில் தொடங்கி இன்னொரு கடலில் முடியும் ஆறு, வழியெல்லாம் கிளை கிளையாகப் பிரிந்துகொண்டே போகும் ஆறு. நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும். ஆறுகள் பெரும்பாலும் ஒன்றோடொன்று சேரும். பிரிவது முக்கியமாகக் கழிமுகத்தில்தான். அடுத்தது பாலைவனம். ஈரக் காற்று மலையில் மோதி மழையைக் கொட்டிவிட்டால் மறுபக்கம் வறண்டு போகும். ஆண்டீஸ் மலைக்குக் கிழக்கே படகோனியா அப்படித்தான் வறண்டது. காற்று எங்கிருந்து வீசுகிறது என்று ஓர் அம்புக்குறி போட்டுவிட்டால் காடு எங்கே, பாலை எங்கே என்பது பாதி முடிவாகிவிடும். அங்கே ஒரு பெருநகரை வைத்தால் அதற்குச் சோறு எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பண்டைய ரோமுக்கு எகிப்திலிருந்து கப்பலில் தானியம் வந்தது.

ஒரு நாடு, ஓர் இனம், ஒரு மொழி, ஒரு குணம் என்று வகுத்துவிடுவது இன்னொரு பழக்கம். பப்புவா நியூ கினியில் மட்டுமே எண்ணூறுக்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படுகின்றன. மக்கள் கலந்தால் சொற்களும் கலக்கும். சாவி, ஜன்னல், அலமாரி மூன்றும் போர்த்துகீசியத்திலிருந்து நம்மிடம் வந்து தங்கியவை. கடல்வழி வந்தவர்களோடு இருந்த பழக்கத்தை, சரித்திரப் புத்தகம் திறக்காமலேயே வீட்டுச் சாமான்களின் பெயர்கள் சொல்கின்றன. உங்கள் உலகில் யார் யாரிடம் எதை வாங்கினார்கள் என்று தீர்மானித்து, அந்தப் பொருட்களின் பெயர்களை மட்டும் அயல் ஒலியோடு வையுங்கள். நாலு பக்கம் வரலாறு எழுதிக் கதைக்கு முன்னால் ஒட்டுவதைவிட இது எவ்வளவோ நல்லது.

எழுத்து வடிவத்தை முதலில் வரைந்துவிடுகிறவர்கள் எதில், எதைக்கொண்டு எழுதுகிறார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஈரக் களிமண்ணில் நாணல் குச்சியை அழுத்தியதால் சுமேரிய எழுத்து ஆப்பு வடிவம் பெற்றது. மரத்தில் செதுக்க வசதியாக, பண்டைய வட ஐரோப்பியர்களின் ரூன் எழுத்துகள் நேர்கோடுகளாக இருந்தன. எழுத்தாணி குத்தினால் ஓலை துளைபடும் என்பதால், ஓலைச்சுவடியில் நம்மவர்கள் மெய்க்குப் புள்ளி வைக்காமலே எழுதினார்கள்.

கடைசியாக, இலக்கணம் முழுமையாகட்டும் என்று காத்திருந்து மொழியைப் பயன்படுத்தாமலே விட்டுவிடுவது. பத்துச் சொல் இருக்கும்போதே வாக்கியம் எழுதத் தொடங்குங்கள். ஒலியியலாளர்கள் மொழிகளை ஒப்பிட நெடுங்காலமாகப் பயன்படுத்தும் ‘வடக்குக் காற்றும் சூரியனும்’ என்ற குட்டிக் கதை இதற்கு மிகவும் ஏற்றது. வழிப்போக்கனின் மேலங்கியை யார் கழற்ற வைப்பது என்று காற்றுக்கும் சூரியனுக்கும் போட்டி. ஒப்பீடு, நிபந்தனை, காரணம், பிறர் கூற்று எல்லாம் சில வரிகளுக்குள் வந்துவிடும். மொழிபெயர்க்க உட்கார்ந்ததும் உலகமும் கேள்வி கேட்கும்: உங்கள் மக்கள் மேலங்கி போடுவார்களா? அவர்கள் நாட்டில் குளிர்காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது? தெற்கிலிருந்து என்றால் தலைப்பையே மாற்றி எழுத வேண்டியிருக்கும்.