பட்டமளிப்பு விருந்துக்கு அழைப்பிதழ் எழுதுகிறீர்களா?

பட்டம் வாங்கியவரின் பெயர், படிப்பு, நாள், நேரம், இடம். அழைப்பிதழுக்கு இவ்வளவு போதும். ஆனால் பலரும் சறுக்குவது ஓர் இடத்தில்: பட்டமளிப்பு விழா வேறு, அதற்கான விருந்து வேறு என்று தெளிவாக எழுதுவதில்லை. விழா அரங்கில் பெரும்பாலும் மாணவருக்கு இத்தனை பேர் என்று அனுமதிச்சீட்டு கணக்கு உண்டு. சித்தப்பா குடும்பத்தோடு நேரே அங்கே போய் வாசலில் நின்றால் சங்கடம்தானே? "மாலை விருந்துக்கு அழைக்கிறோம்" என்று முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள்.

தேதியோடு கிழமையும் இருக்கட்டும். ஒன்று தப்பானாலும் மற்றது காட்டிக்கொடுத்துவிடும். வருகையைச் சொல்ல ஒரு கைபேசி எண், ஒரு கடைசி நாள். மூன்று வாரம் முன்பே அனுப்பினால் சரி. அப்புறம், அச்சுக்குக் கொடுக்கும் முன் இனிஷியலைப் பட்டம் வாங்கியவரிடமே காட்டிச் சரிபாருங்கள்.