சேற்றுக்கு ஏற்ற வெலிங்டன் பூட்ஸ்: குதிகாலிலிருந்து தொடங்குங்கள்

இங்கிலாந்தின் கிராமப்புறத்துக்குக் குடிவந்த முதல் நவம்பரில், வயல் ஒன்றின் மாட்டு வாசலைக் கடக்கும்போது முழங்கால் அளவு உயர்ந்த என் ரப்பர் பூட்ஸில் வலது சேற்றிலேயே நின்றுவிட்டது. காலுறையோடு கால் மட்டும் மேலே வந்தது. தடித்த காலுறை போட வேண்டியிருக்குமே என்று ஓர் அளவு பெரிதாக வாங்கியிருந்தேன். இரண்டாவது ஜோடியை நிதானமாகத் தேடி வாங்கினேன். அப்போது கற்றதை, முதல் ஜோடி வாங்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 1815இல் வாட்டர்லூவில் வென்ற வெலிங்டன் பிரபு, லண்டனில் ஹோபி என்ற செருப்புத் தொழிலாளியிடம் சொல்லித் தைக்க வைத்த காலணிதான் இதன் மூதாதை. குன்னூரை ஒட்டிய வெலிங்டனுக்கும் அவர் பெயர்தான். அன்றைய பூட்ஸ் கன்றுத் தோலால் ஆனது. ரப்பர் பிறகு வந்தது. முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் நாள்கணக்கில் நனைந்து படைவீரர்களின் பாதங்கள் அழுகியபோதுதான், ரப்பர் பூட்ஸ் பிரிட்டனில் லட்சக்கணக்கில் தயாரானது. நம் ஊரில் இதைத்தான் கம்பூட்ஸ் என்கிறோம்.

முதல் படி: எங்கே நடக்கப் போகிறீர்கள்?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுமக்கள் நடக்க உரிமையுள்ள பாதைகள் ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர். அவற்றில் பல வயல்களையும் மேய்ச்சல் நிலங்களையும் ஊடறுத்துச் செல்பவை. நாயை அழைத்துக்கொண்டு அரை மணி நேரம் நடப்பவருக்கு ஒரு பூட்ஸ்; மாட்டுத் தொழுவத்தில் நாள் முழுதும் நிற்பவருக்கு வேறு பூட்ஸ். மலையேற்றத்துக்கோ, பத்து கிலோமீட்டர் நடைக்கோ இது எதுவும் உதவாது. கணுக்காலுக்குப் பிடிப்பு இல்லை, வியர்வை வெளியேற வழியும் இல்லை. அதற்குக் கயிறு கட்டும் தோல் பூட்ஸ் வாங்குங்கள்.

இரண்டாம் படி: பொருள்

இயற்கை ரப்பர் வளைந்து கொடுக்கும், காலோடு சேர்ந்து நடக்கும். ஆனால் கனம் அதிகம். முழு உயர ஜோடி 2 கிலோ அளவுக்கு வரும். வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் பட்டுப்பட்டு வெடிக்கும். பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் மலிவு, ஆனால் குளிரில் விறைத்துப்போகும். ஜனவரிக் காலையில் குழாய்க்குள் காலை நுழைத்தது போல இருக்கும். ஆண்டுக்கு நாலு தடவை தோட்டத்தில் போடுவதற்கு அது போதும். பாலியூரித்தேன் என்ற நுரைப் பிளாஸ்டிக் எடை குறைவு, குளிரைத் தடுக்கும், சாணக் குழம்பையும் தாங்கும். பால் பண்ணைக்காரர்கள் பலர் அதை விரும்புவது இதனால்தான். நியோப்ரீன் என்ற நுரைபோன்ற செயற்கை ரப்பரை உள்ளுறையாக வைத்தவை பனிக்காலத்துக்கு அருமை, கோடையில் கால் வெந்துவிடும். ஒரே ஜோடிதான் வாங்க முடியும் என்றால் நான் இயற்கை ரப்பரைத்தான் சொல்வேன்.

பண்ணையில் பாரம் தூக்கும் வேலை என்றால் 'எஸ்5' என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். விரல்களுக்குக் காப்பு மூடியும், ஆணி ஏறாத அடித்தட்டும் உண்டு என்பது அதன் பொருள்.

மூன்றாம் படி: போட்டுப் பார்த்தல்

பாதி நேரத்தை இதற்கே ஒதுக்குங்கள். கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் கடைக்குப் போங்கள். நடக்கும்போது அணியும் அதே காலுறையையும் கால்சட்டையையும் அணிந்து செல்லுங்கள்.

முதலில் குதிகால். நடக்கும்போது அது லேசாக எழலாம். பூட்ஸைப் பின்னால் விட்டுவிட்டு எழக் கூடாது. சேறு உறிஞ்சிப் பிடிக்கும்போது காலைக் காப்பாற்றுவது இந்தப் பிடிப்புதான். விரல்களுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். பல நிறுவனங்கள் அரை அளவு செய்வதில்லை. நீங்கள் இரண்டுக்கும் நடுவில் இருந்தால், பெரியதை எடுத்து உள்ளே ஒரு கம்பளித் தட்டு போடுங்கள். குதிகாலை மறுபடி சோதியுங்கள்.

அடுத்து கெண்டைக்கால். பலர் தவறுவது இங்கேதான். சதை மிகப் பருத்த இடத்தில், கால்சட்டையின் மேலேயே டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். பூட்ஸின் வாய் அதைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் அதிகமாக இருந்தால் போதும். இறுக்கமாக இருந்தால் கழற்றும்போது துன்பம். மிகவும் தொளதொளவென்றிருந்தால் மழைநீர் உள்ளே வழியும், மேல்விளிம்பு காலில் அடித்துக்கொண்டே இருக்கும். பக்கவாட்டில் விரியும் மடிப்பும் அதை இறுக்கும் வாரும் வைத்த வகை பருத்த கால்களுக்கு நல்லது.

பிறகு கடையிலேயே முழங்காலிட்டு உட்காருங்கள். விளிம்பு முழங்காலின் பின்புறத்தில் குத்துகிறதா? அப்படியானால் உயரம் குறைந்ததைக் கேளுங்கள். ஒரு படியில் ஏறி இறங்குங்கள். பாதைகளில் வேலியைத் தாண்ட மரப்படிகள் வரும். கடைசியாக, கையைப் பயன்படுத்தாமல் கழற்றிப் பாருங்கள். குதிகாலின் பின்னே சிறு திட்டு ஒன்று துருத்திக்கொண்டிருக்க வேண்டும். மற்றக் காலால் அதை மிதித்துக்கொண்டு காலை உருவினால் வந்துவிடும். கை முழுக்கச் சேறாக வாசலில் நிற்கும்போது அதன் அருமை தெரியும்.

நான்காம் படி: அடிப்பாகம்

புரட்டிப் பாருங்கள். பற்கள் ஆழமாகவும் ஒன்றுக்கொன்று தள்ளியும் இருக்க வேண்டும். நெருக்கமாக இருந்தால் சேறு அப்பிக்கொண்டு அடி மழமழப்பாகிவிடும். குதிப்பகுதியின் முன்விளிம்பு செங்குத்தாக இறங்கியிருந்தால், ஈரமான மரப்படியிலும் மண்வெட்டியை மிதிக்கும்போதும் கால் நழுவாது.

நிறத்தைப் பற்றி எழுத எனக்கு எதுவும் இல்லை. பிடித்ததை எடுங்கள்.

வாங்கிய பின்

தண்ணீரில் கழுவி, நிழலில் தலைகீழாக மாட்டுங்கள். உள்ளே நனைந்திருந்தால் செய்தித்தாளைச் சுருட்டித் திணியுங்கள். கணப்பின் அருகே மட்டும் வைக்காதீர்கள், ரப்பர் கெட்டுவிடும். சில வாரங்களில் மேலே வெள்ளைப் பொடி பூத்தது போலத் தெரிந்தால் பதற வேண்டாம். ரப்பருக்குள் கலந்த மெழுகு வெளியே வருவது அது. சிலிக்கோன் தெளிப்பான் கொண்டு துடைத்தால் போய்விடும்.

ஒழுகுவதாகச் சந்தேகம் வந்தால், காய்ந்த செய்தித்தாளை உள்ளே திணித்து, ஒரு வாளித் தண்ணீரில் பூட்ஸை நிறுத்திவையுங்கள். தாள் நனைந்த இடத்துக்கு நேரே ஓட்டை இருக்கும். இயற்கை ரப்பர் என்றால், சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டும் அதே பசையும் ஒட்டுத்துண்டும் போதும். உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, பசை காய்ந்து பிசுபிசுப்பு நிலைக்கு வந்த பிறகு அழுத்தி ஒட்டுங்கள். என் இரண்டாவது ஜோடியின் இடது கணுக்காலில் அப்படி ஒரு ஒட்டு இருக்கிறது. இரண்டு குளிர்காலமாக ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.