ஏர் பிஸ்டல் பழகுகிறவர்கள் விரலில் செய்யும் தவறுகள்

எங்கள் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் டீ நேரத்தில் ஓயாமல் நடக்கும் சண்டைகள் மூன்று. ஒரு கண்ணை மூட வேண்டுமா, கூடாதா? க்ரிப்பை, அதாவது கைப்பிடியை, இறுக்கிப் பிடிப்பதா, தளர்வாகவா? கறுப்பு வட்டத்தின் நடுவில் குறி வைப்பதா, அதற்கு அடியிலா? மூன்றிலும் இரண்டு பக்கமும் நல்ல ஷூட்டர்கள் இருக்கிறார்கள். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழக வருகிறவர்களுக்குச் சில வருடங்களாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அவர்களுடைய புள்ளிகள் பெரும்பாலும் பறிபோவது இந்த மூன்று இடத்திலும் இல்லை.

முதலில் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம். டார்கெட்டில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 11.5 மி.மீ. நீட்டிய கை ஆடத்தான் செய்யும். குறி பார்க்கக் குழல் முனையில் இருப்பது முன் சைட், பின்னால் பள்ளத்தோடு இருப்பது பின் சைட். இரண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்க, கை மட்டும் 5 மி.மீ. விலகினால் பெல்லட்டும், அதாவது சின்ன ஈயக் குண்டும், அதே 5 மி.மீ.தான் விலகும். அப்போதும் பத்துதான். ஆனால் முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்குள் 1 மி.மீ. சாய்ந்துவிட்டால்? இரண்டு சைட்டுக்கும் இடையே உள்ள தூரம் 36 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், அந்த 1 மி.மீ. டார்கெட்டில் கிட்டத்தட்ட 28 மி.மீ. ஆகிவிடும். பத்து போய் ஏழு விழும். ஆகவே கை ஆட்டத்துக்குப் பயப்பட வேண்டாம். சைட் சாய்வதற்குத்தான் பயப்பட வேண்டும். அதைச் சாய்ப்பது, பத்தில் ஒன்பது தடவை, ட்ரிகரில் இருக்கும் விரல்.

புதியவர்கள் கை ஆடாத அந்த ஒரு நொடிக்காகக் காத்திருப்பார்கள். எல்லாம் சரியாகத் தெரிந்ததும் மனதுக்குள் ‘இப்போ!’ என்று ஒரு குரல் கேட்கும், விரல் வெடுக்கென்று இழுத்துவிடும். விரலோடு மணிக்கட்டும் மற்ற மூன்று விரல்களும் சேர்ந்து இறுகும். வலது கைக்காரர்களுக்குப் பெரும்பாலும் இடது பக்கம் கீழே போய் விழும்.

போன வருடம் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு இதேதான் நடந்தது. எட்டு, ஏழு, எட்டு, எல்லாம் இடது கீழே. “சைட்டை மாத்தணும்ணா” என்று ஸ்க்ரூ ட்ரைவரைக் கையில் எடுத்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்லி, குழல் டார்கெட் பக்கமே இருக்க, அவள் பார்க்காதபடி நானே ஒவ்வொரு தடவையும் லோட் செய்து கொடுத்தேன். நாலாவது தடவை பெல்லட் போடவில்லை. அவள் ட்ரிகரை இழுத்தாள். காற்று மட்டும் சீறியது. குழல் முனையோ ஒரு விரல் அகலம் கீழே குத்திட்டு நின்றது.

“பெல்லட் போடலையாண்ணா?”

“போடலம்மா. குழல் எங்க போச்சுன்னு பாத்தியா?”

அவள் பதில் சொல்லவில்லை. ஸ்க்ரூ ட்ரைவரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

இதற்கு மருந்து ட்ரை ஃபயர்தான், அதாவது பெல்லட் இல்லாமல் ட்ரிகரை மட்டும் பழகுவது. கறுப்பு வட்டம் இல்லாத வெறும் வெள்ளை அட்டையைப் பார்த்துச் செய்ய வேண்டும். வட்டம் இருந்தால் கண் அங்கே ஓடிவிடும். போட்டி விதிப்படி ஏர் பிஸ்டல் ட்ரிகர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். அந்த 500 கிராமை ஒரே இழுப்பில் போடாதீர்கள். கை குறியிடத்துக்கு இறங்கி வரும்போதே ட்ரிகரின் முதல் கட்டத்தை, அதாவது சுடாமல் லேசாக நகரும் பகுதியை, அழுத்தி முடித்துவிட்டு, மீதியை மெல்ல மெல்ல, நேர் பின்னால் ஏற்றிக்கொண்டே போக வேண்டும். ‘டிக்’ என்றதும் முன் சைட் துளியும் அசையாமல் நின்றால் அது நல்ல ஷாட். அதன் பிறகும் ஒன்றிரண்டு நொடி அப்படியே பார்த்துக்கொண்டிருங்கள். சுட்ட உடனே கையை இறக்கி, புள்ளி காட்டும் மானிட்டரைப் பார்க்கிறவருக்குத் தன் தவறு எப்போது நடந்தது என்பதே தெரியாமல் போய்விடும். நான் பழகுகிறவர்களிடம் கேட்பது 20 பெல்லட்டுக்கு முன்னால் 20 ட்ரை ஃபயர். அலுப்பாகத்தான் இருக்கும். அந்தப் பெண்ணுக்கு மூன்று வாரம் பிடித்தது.

ஒரு கண்ணா, இரண்டு கண்ணா என்ற சண்டைக்கு 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் பிறகு புது வேகம் வந்திருக்கிறது. துருக்கியின் யூசுஃப் டிகெச் ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, இரண்டு கண்ணும் திறந்தபடி சுட்டு, கலப்பு அணிப் பிரிவில் வெள்ளி வாங்கிய படத்தைப் பார்க்காதவர் யார்? அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மறைக்கும் அட்டையைக் கழற்றி எறிந்தவர்களை எனக்குத் தெரியும். அவர் காதில் அடைப்பான் இருந்தது அந்தப் படத்தில் பலர் கண்ணில் படவில்லை. அவருடைய கண் அவருக்கு அப்படிப் பழகியிருக்கிறது. உங்களுக்கு முன் சைட் கூர்மையாகவும் டார்கெட் சற்று மங்கலாகவும் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. தெரிந்தால் எந்த முறையும் சரி. கண்ணை இறுக்கி மூடுவது மட்டும் வேண்டாம். திறந்த கண்ணும் சேர்ந்து களைத்துப்போகும்.

க்ரிப் விஷயமும் அப்படியே. இறுக்கம் எவ்வளவு என்பதைவிட, அது ட்ரிகர் இழுக்கும்போது மாறாமல் இருப்பதுதான் முக்கியம்.

ஒவ்வொரு ஷாட்டுக்கும் சைட்டைத் திருகுவது இன்னொரு பெரிய தவறு. ஐந்து பெல்லட்டாவது ஒரே இடத்தில் கூட்டமாக விழுந்த பிறகே சைட்டில் கை வைக்க வேண்டும். ஒரு மோசமான ஷாட்டைத் துரத்திக்கொண்டு போகிறவர் அடுத்த மூன்றையும் சேர்த்துக் கெடுத்துக்கொள்கிறார். 2016 ரியோவில் 50 மீட்டர் பிஸ்டல் இறுதிச் சுற்றில் தென் கொரியாவின் ஜின் ஜோங்-ஓ ஒரு ஷாட்டில் வெறும் 6.6 புள்ளி சுட்டார். ஒலிம்பிக் இறுதியில் அது பேரிடி. அதற்குப் பிறகும் ஷாட் ஷாட்டாக மீண்டு வந்து, அந்தப் பிரிவில் தொடர்ந்து மூன்றாவது தங்கத்தை வாங்கினார்.

கையைத் தூக்கிவிட்டோம், சுட்டே ஆக வேண்டும் என்ற பிடிவாதமும் கூடாது. பத்து நொடி தாண்டினால் கண்ணும் மூச்சும் தளரத் தொடங்கும். இறக்கி வைத்துவிட்டு மறுபடி தூக்குங்கள். 60 ஷாட்டுக்கு 75 நிமிடம் இருக்கிறது, அவசரமே இல்லை.

கடைசியாக ஒன்று. இதை நான் கெஞ்சிக் கேட்பேன். ‘காத்துதானே’ என்று ஏர் பிஸ்டலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். விநாடிக்குச் சுமார் 150 மீட்டர் வேகத்தில் போகும் 4.5 மி.மீ. ஈயத் துண்டு ஒரு கண்ணைப் பறிக்கப் போதும். லோட் செய்யும்போது ட்ரிகரில் விரல் இருக்கக் கூடாது. ‘காலிதான்’ என்று யார் சொன்னாலும் நீங்களே திறந்து பார்க்க வேண்டும். ரேஞ்சில் நான் அதிகம் பார்த்த தவறு, சந்தேகம் கேட்பதற்காகப் பிஸ்டலும் கையுமாகத் திரும்புவது. திரும்புகிறவர் நல்ல பிள்ளையாகத்தான் இருப்பார், கேள்வியும் நல்ல கேள்வியாகத்தான் இருக்கும். குழலோ பக்கத்தில் நிற்பவரின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும். பேச வேண்டுமா? பெல்லட் இல்லை என்று பார்த்து, குழலுக்குள் பாதுகாப்பு நாடாவைச் செருகி, குழல் டார்கெட்டைப் பார்த்தபடி மேசையில் வைத்துவிட்டு, ஓர் அடி பின்னால் வாருங்கள். அதற்குப் பிறகு பேசலாம்.