இரண்டு கேமரா பாடிகளில் எது பறவையை நன்றாகக் காட்டும்: நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி

காட்டுயிர்ப் படத்துக்கு எந்த பாடி வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்கள் படங்களில் பறவை ஃபிரேமில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது? பாதிக்கு மேல் என்பவருக்கு ஒரு பதில். எப்போதும் கிராப் செய்து, அதாவது ஓரங்களை வெட்டித்தான் பறவையைப் பெரிதாக்குகிறேன் என்பவருக்கு வேறு பதில். இதைத் தெரிந்துகொள்ளாமல் நாய்ஸ் (படத்தில் பொரிப்பொரியாகத் தெரியும் புள்ளிகள்) பற்றிப் பேசி ஒரு பயனும் இல்லை.

ஏனென்றால், நாம் பார்க்கும் நாய்ஸில் பெரும்பகுதி ஒளியிலேயே இருக்கிறது. ஓர் இடத்தில் சராசரியாக 10,000 ஃபோட்டான்கள் விழுகின்றன என்றால் அதில் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான 100. அதாவது நூற்றில் ஒரு பங்கு. வெறும் 100 ஃபோட்டான்கள்தான் என்றால் ஏற்ற இறக்கம் 10. பத்தில் ஒரு பங்கு. படம் பொரிப்பொரியாகத் தெரிவது இதனால்தான். ஆகவே பறவையின் மேல் எவ்வளவு ஒளி சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். ஃபுல் ஃபிரேம் சென்சார் 36க்கு 24 மி.மீ., அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் சுமார் 23.5க்கு 15.6 மி.மீ. பரப்பில் இரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம். கிட்டப் போயோ நீளமான லென்ஸ் போட்டோ, அதே அப்பர்ச்சரில் (லென்ஸின் திறப்பு) பறவையால் ஃபிரேமை நிரப்ப முடிந்தால் ஃபுல் ஃபிரேம் ஒரு ஸ்டாப்புக்குச் சற்று மேல் ஜெயிக்கும்; ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு ஒளி. அதே லென்ஸ், அதே தூரம் என்றால் பறவையின் பிம்பம் இரண்டு சென்சாரிலும் ஒரே மி.மீ. அளவுதான். பெரிய சென்சாரில் கூடுதலாக இருப்பது சுற்றியுள்ள இலையும் வானமும். அதை வெட்டிவிட்டால் ஆதாயமும் அதோடு போய்விடும்.

நிக்கான் டி500, டி850 இரண்டும் இதற்கு அழகான உதாரணம். 2016இல் வந்த டி500 ஏபிஎஸ்-சி, 20.9 மெகாபிக்சல். மறு ஆண்டு வந்த டி850 ஃபுல் ஃபிரேம், 45.7. ஆனால் டி850இன் டிஎக்ஸ் கிராப்பில் (ஏபிஎஸ்-சி அளவுக்கு வெட்டும்போது) மிஞ்சுவது 5408க்கு 3600, சுமார் 19.5 மெகாபிக்சல். தூரத்துப் பறவைக்கு இரண்டும் ஏறத்தாழ ஒரே கேமராதான். கேனனில் ஏபிஎஸ்-சி ஆர்7க்கு 32.5 மெகாபிக்சல். ஃபுல் ஃபிரேம் ஆர்5க்கு 45 இருந்தாலும் 1.6 கிராப்பில் மிஞ்சுவது 17 சொச்சம்தான். கிராப் செய்தே பழகியவர் ‘சின்ன’ ஆர்7ஐத்தான் முதலில் பார்க்க வேண்டும். மற்ற பாடிகளுக்கு நீங்களே கணக்குப் போடலாம்: ஃபுல் ஃபிரேம் பாடியின் மொத்த மெகாபிக்சலை கிராப் எண்ணின் (நிக்கானுக்கு 1.5, கேனனுக்கு 1.6) வர்க்கத்தால் வகுத்தால் போதும்.

இனி சோதனை. கடையிலோ நண்பரிடமோ இரண்டு பாடிகளும் அரை மணி நேரம் கையில் கிடைத்தால் போதும். ஒரே லென்ஸை இரண்டிலும் மாட்ட முடிந்தால் நல்லது. மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வாய்) வேறு என்றால் ஒரே ஃபோகல் லெங்த், ஒரே அப்பர்ச்சர். டிரைபாடில் வைத்து, லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணைத்து, டைமரில் எடுங்கள். எதிரே எதை வைப்பது? பலரும் அச்சிட்ட எழுத்தை வைக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கறுப்பு எழுத்து, வெள்ளைத் தாள் என்றால் எந்த கேமராவும் கெட்டிக்கார கேமராதான். நான் வைப்பது அடர்நிறக் கம்பளித் துணி, பக்கத்தில் ஒரு பழைய பெயின்ட் பிரஷ். கம்பளியின் மங்கலான இழைகளும் பிரஷ்ஷின் முடியும் மானின் ரோமம், ஆந்தையின் மார்பு இறகு போன்றவை. நாய்ஸ் முதலில் தின்பது இந்த மெல்லிய வேறுபாடுகளைத்தான்.

எல்லாம் மானுவலில். ரா கோப்பு (கேமரா மெருகேற்றாத மூலத் தரவு), ஒரே வொயிட் பேலன்ஸ், ஒரே ஷட்டர், ஒரே அப்பர்ச்சர். படத்தின் பிரகாசத்தைக் கூட்டும் ஐஎஸ்ஓ எண்ணை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். ஒரு நிறுவனத்தின் 3200க்கும் இன்னொன்றின் 3200க்கும் பிரகாசம் கொஞ்சம் மாறலாம். சென்சாரில் விழுந்த ஒளியைத் தீர்மானிப்பது ஷட்டரும் அப்பர்ச்சரும்தான். பிரகாச வித்தியாசத்தைப் பிறகு எக்ஸ்போஷர் ஸ்லைடரில் சரிசெய்யலாம். ஐஎஸ்ஓ 800, 3200, 12800 மூன்றிலும் எடுங்கள்; ஐஎஸ்ஓவை ஏற்றும்போது ஷட்டரை இரண்டு பாடியிலும் ஒரே மாதிரி வேகமாக்குங்கள். ஒவ்வொரு முறையும் லைவ் வியூவில் பெரிதாக்கி ஃபோகஸ் செய்து மூன்று படம் எடுத்து, கூர்மையானதை வைத்துக்கொள்ளுங்கள். முதல் பாடி, இரண்டாம் பாடி, மறுபடி முதல் பாடி என்ற வரிசையில் எடுப்பது என் வழக்கம். முதலும் கடைசியும் பொருந்தவில்லை என்றால் நடுவில் வெளிச்சம் மாறிவிட்டது என்று அர்த்தம்.

கணினியில் ஷார்ப்பனிங், நாய்ஸ் குறைப்பு இரண்டையும் பூஜ்ஜியமாக்குங்கள். 100 சதவீதத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் பெரிய அநியாயம். பிக்சல் அதிகமுள்ள பாடி அங்கே கூடுதலாகப் பெரிதாகித் தெரியும். நாய்ஸும் அதற்கேற்ப மோசமாகத் தெரியும். இரண்டு படங்களிலும் பிரஷ்ஷின் நீளம், உதாரணத்துக்கு, 1500 பிக்சல் வரும்படி மாற்றிவிட்டு அப்புறம் பாருங்கள். எனக்குத் தெரிந்து பாதிச் சண்டைகள் இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

நிழலையும் சோதியுங்கள். மூன்று ஸ்டாப் குறைவாக எடுத்து ஸ்லைடரில் தூக்கினால், கம்பளியின் இருட்டில் கோடு கோடாக வருகிறதா, பச்சை, ஊதா நிறம் ஏறுகிறதா என்று தெரியும். காகம், கரிச்சான் எடுப்பவர்களுக்கு இது முக்கியம். கடைசியாக, நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் ஏஐ நாய்ஸ் நீக்கியை ஓட்டி மறுபடி ஒப்பிடுங்கள். அதற்குப் பிறகு பிக்சல் அடர்த்தி அதிகமுள்ள பாடி முன்னுக்கு வருவதை அடிக்கடி பார்க்கிறேன். ஆனால் இல்லாத இழையை அது வரைந்துவிடவும் கூடும். ஐஎஸ்ஓ 800 படத்தைப் பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள்.

டெலிகன்வர்ட்டர் (லென்ஸின் எட்டும் தூரத்தைக் கூட்டும் துணைக்கருவி) மாட்டி எஃப் 11 அப்பர்ச்சரில் எடுப்பவரா? அங்கே ஒளியின் விளிம்பு விளைவால் (டிஃப்ராக்‌ஷன்) ஒரு புள்ளி சுமார் 15 மைக்ரான் அகலத்துக்குப் பரவுகிறது. ஆர்7இன் பிக்சல் 3.2 மைக்ரான்தான். அடர்த்தியான சென்சாரின் ஆதாயம் அங்கே சுருங்கிவிடும், எனவே உங்கள் வழக்கமான அப்பர்ச்சரிலேயே சோதியுங்கள்.

எலக்ட்ரானிக் ஷட்டரிலும் ஒரு சுற்று எடுங்கள். சில பாடிகள் அதில் 14 பிட்டிலிருந்து 12 பிட்டுக்கு இறங்கும், அதாவது பதிவாகும் ஒளிப் படிநிலைகள் குறையும். தூக்கிய நிழலில் அது தெரியும். படத்தை வரி வரியாக மெதுவாகப் படிக்கும் சென்சார் என்றால் அடிக்கும் சிறகு வளைந்து போகும். அதற்கு ஓடுகிற மின்விசிறியை எடுத்துப் பாருங்கள். இறக்கைகள் வாழைப்பழம் போல் வளைந்தால், பறக்கும் பறவைக்கு அந்த பாடியில் மெக்கானிக்கல் ஷட்டர் இருக்கிறதா, நொடிக்கு எத்தனை படம் எடுக்கும் என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.