ஒரு கோப்பி இலை, ஒரு பழைய பக்கம்: இலங்கை மலையக வரலாற்றை மூல ஆவணத்தில் தொடங்குவது எப்படி

தரம் 9, 10 பிள்ளைகளுக்கு இரண்டு பாடவேளை போதும். பழைய பக்கம் ஒன்று, ஏ3 தாளில் அதன் பிரதிகள் (நால்வருக்கு ஒன்று), ஒரு கைக்கண்ணாடி, நோய் பிடித்த கோப்பி இலை சில வேண்டும்.

படி 1: பக்கம்

1881இல் கொழும்பில் தொடங்கிய டிராபிகல் அக்ரிகல்ச்சரிஸ்ட் என்ற ஆங்கில விவசாய இதழின் பழைய தொகுதிகள் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தோட்ட வேலையும் கணக்கும் உள்ள பக்கமாக ஒன்றை மட்டும் எடுங்கள். மூன்று கொடுத்தால் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டுவதிலேயே மணி அடித்துவிடும். ஐந்தாறு வரிக்குக் கோடிட்டு, பத்துச் சொல்லுக்குத் தமிழ் எழுதி ஓரத்தில் ஒட்டுங்கள்.

அதில் சிக்கலான சொல் ‘பவுண்ட்’. நிறையும் அதுதான், பணமும் அதுதான். நிறையை இறாத்தல் (சுமார் 454 கிராம்) என்றும் பணத்தைப் பவுண் என்றும் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் கொழுந்து நிறையைச் சம்பளத்தோடு கூட்டிவிடுவார்கள்.

படி 2: இலை

லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) பின்னால் நிற்கும் கோப்பிச் செடியில் இலையைத் திருப்பிப் பாருங்கள். செம்மஞ்சள் தூள் இருந்தால், விரலால் தேய்த்ததும் ஒட்டும். ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்ற பூஞ்சணம் அது. 1869இல் மடுல்சீமையில் தென்பட்ட அதே நோய். இதுவும் மூல ஆதாரம்தான். தூள் காற்றில் பரவும் என்பதால் பொலித்தீன் பையில் கட்டிக் கொண்டுவந்து, பாடம் முடிந்ததும் எரித்துவிடுங்கள்.

‘நோய் வந்தது, கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது’ என்று ஒரே மூச்சில் சொல்வதுதான் இங்கே நடக்கும் பெரிய பிழை. ஹக்கலையில் சிங்கோனா (மலேரியா மருந்துக்கான மரம்) நட்டது 1861. லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் துரை 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867, அதாவது நோய்க்கு முன்பே. விலை நன்றாக இருந்ததால் 1870களிலும் புதுக் கோப்பித் தோட்டங்கள் திறந்தார்கள். இந்த ஆண்டுகளைக் கலைத்துக் கரும்பலகையில் எழுதி, பிள்ளைகளையே வரிசைப்படுத்த விடுங்கள்.

படி 3: மூன்று நிரல்

பக்கத்தைப் படித்து மூன்று நிரலில் எழுதட்டும்: எழுதியிருப்பது, ஊகிக்கக்கூடியது, எழுதாமல் விட்டது. உயிர் இருப்பது மூன்றாவதில். ‘நடப்பட்டது’, ‘வெட்டப்பட்டது’ என்று வரும் ஒவ்வொரு இடத்திலும் ‘யார்?’ என்று கேட்கச் சொல்லுங்கள். செடிக்கு லத்தீன் பெயர் இருக்கும், துரைக்குப் பெயர் இருக்கும். கான் (வடிகால்) வெட்டியவருக்கும் கவ்வாத்து (செடியின் கிளை) வெட்டியவருக்கும் பெரும்பாலும் தலைக்கணக்குத்தான். நிரல் காலியாகவே கிடந்தால் நீங்கள் நிரப்பிக் கொடுக்காதீர்கள். ‘இந்த வேலைக்கு உங்க வீட்டில என்ன பேர்?’ என்று கேளுங்கள், பேச்சு வரும்.

படி 4: வீட்டுத் தாள்

பழைய சம்பளத் துண்டு இருந்தால் அதைப் படமெடுத்து வரட்டும். பெயரையும் இலக்கத்தையும் மறைத்தே வகுப்பில் காட்டுங்கள். ‘பேர்’ (முழுநாள் கூலி), ‘அரைப்பேர்’ (அரைநாள் கூலி) கணக்கை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி, இதழின் பக்கத்துக்கு அருகில் வைத்துப் பார்க்கட்டும். குடியுரிமைப் பத்திரங்களைக் கொண்டுவரச் சொல்லவே வேண்டாம். 1948இல் வந்த குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு அந்தத் தாளுக்காக அலைந்த குடும்பங்கள் இவை. மூலப்பிரதி வீட்டுப் பெட்டியிலேயே இருக்கட்டும்.